இறகுதிர்வை ஆராய எந்த வழி? கையிலெடுத்த பறவை, பாடம் செய்த தோல், புகைப்படம், ஐசோடோப்பு

வளர்ந்து முடிந்த இறகு, நகத்தைப் போலவே, கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற பொருள்தான். தோலில் பட்ட காயம் ஆறும். இறகின் நுனி தேய்ந்தால் தேய்ந்ததுதான். வெயிலும் மணலும் இலையின் உரசலும், இறகுப் பேன்களும், கெரட்டினைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் அதை ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. மெலனின் நிறமி ஏறிய இறகு தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும் என்பது, கடற்காகங்களும் ஆலாக்களும் பெரும்பாலும் கறுத்த சிறகு நுனியோடு இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. எத்தனை தாங்கினாலும் ஒருநாள் பழைய இறகு விழுந்து, அதே குழியிலிருந்து புதியது முளைத்தாக வேண்டும். முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது, வலசை போவது, இறகை மாற்றுவது ஆகிய மூன்றும் அதிக ஆற்றலைக் கேட்பவை என்பதால், இவற்றைப் பறவை தன் ஆண்டுக்குள் எப்படி அடுக்கிக்கொள்கிறது என்பதே இறகுதிர்வு ஆய்வின் மையக் கேள்வி.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்ய விரும்பும் ஒரு மாணவருக்கு இன்று நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. பறவையைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்க்கலாம். அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருக்கும் தோல்களைப் பார்க்கலாம். பறவை ஆர்வலர்கள் எடுத்துப் பொதுவில் சேர்த்து வைத்திருக்கும் புகைப்படங்களைப் பார்க்கலாம். இறகின் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி அதில் உறைந்திருக்கும் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளக்கலாம். இரண்டாண்டு அவகாசமும் குறைந்த பணமும் உள்ள, தமிழ்நாட்டிலிருந்து வேலை செய்யப்போகிற ஒருவரை மனத்தில் வைத்து இந்த நான்கையும் இங்கே ஒப்பிடுகிறேன். செலவு, அனுமதி, துல்லியம் என்று வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு வேறொன்றையும் சேர்த்துக் கேட்கப்போகிறேன். என் கணிப்பில் அதுதான் மற்றவற்றைவிட முக்கியமானது. இறகுதிரும் பறவையை எவ்வளவு உண்மையாகப் பதிவு செய்கிறதோ, அவ்வளவு உண்மையாக இறகுதிராத பறவையையும் ஒரு வழி பதிவு செய்கிறதா?

இது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, உதிர்வை எப்படி எண்ணாக மாற்றுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பறத்தலுக்கு உதவும் பெரிய இறகுகளில் சிறகின் வெளிப்பகுதியில் இருப்பவை முதன்மை இறகுகள். பல பறவை இனங்களில் இவை பத்து. உள்ளிருந்து வெளிநோக்கி ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து முளைப்பதே பொதுவான வழக்கம். ஒவ்வொரு இறகுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். பழைய இறகுக்கு 0. இறகு விழுந்து இடம் வெறுமையாகவோ குருத்து உறைக்குள்ளாகவோ இருந்தால் 1. மூன்றில் ஒரு பங்கு வரை வளர்ந்திருந்தால் 2. மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் 3. அதற்கும் மேல் வளர்ந்து அடியில் உறையின் எச்சம் இன்னும் ஒட்டியிருந்தால் 4. முழுதாக வளர்ந்த புதிய இறகுக்கு 5. ஆகவே பத்து முதன்மை இறகுகள் கொண்ட ஒரு சிறகின் கூட்டெண் 0-இல் தொடங்கி 50-இல் முடியும். எளிமையான இந்த முறையில் ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் சிறிய இறகும் வெளியே இருக்கும் நீண்ட இறகும் ஒரே 5 மதிப்பெண்ணைப் பெறுகின்றன. அதனால் கூட்டெண் காலத்தோடு சீராக ஏறுவதில்லை. இதற்காக ஒவ்வொரு இறகின் எடையும் மொத்த எடையில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு, மதிப்பெண்ணை வளர்ந்த இறகுத்திணிவின் விகிதமாக மாற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைச் செய்ய அந்த இனத்தின் முழுச் சிறகு ஒன்றையாவது யாராவது ஒருமுறை இறகிறகாக எடைபோட்டிருக்க வேண்டும்.

அடுத்தது புள்ளியியல். தேதியைக் கிடையச்சிலும் கூட்டெண்ணைச் செங்குத்தச்சிலும் வைத்து புள்ளிகளின் போக்கைக் காட்டும் வழக்கமான பின்னடைவுக் கோட்டை வரைந்தால், உதிர்வின் காலஅளவு உண்மையில் இருப்பதைவிட நீண்டதாக வந்துவிடும். 1976-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் பிம் அச்சுகளை இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னார். 1988-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் அண்டர்ஹில்லும் வால்டர் சுக்கினியும் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு கணித மாதிரியை வகுத்தார்கள். உதிர்வு சராசரியாக என்று தொடங்குகிறது, தனிப்பறவைகளுக்கிடையே அந்தத் தொடக்க நாள் எவ்வளவு சிதறியிருக்கிறது, ஒரு பறவைக்கு முழு உதிர்வும் எத்தனை நாள் பிடிக்கிறது என்ற மூன்றையும் அது ஒருங்கே மதிப்பிடுகிறது. அதற்குத் தேவையானவை உதிரும் பறவைகளின் எண்கள் மட்டுமல்ல. இன்னும் தொடங்காதவையும் முடித்துவிட்டவையும் எத்தனை என்ற கணக்கும் சேர்ந்தால்தான் மதிப்பீடு உறுதிப்படுகிறது. இந்த மாதிரி ஐந்து வகைத் தரவுகளை ஏற்கும். முதல் வகையில் மதிப்பெண்ணே வேண்டாம், தொடங்காதது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது என்ற மூன்று பிரிவுகளே போதும். உதிரும் பறவைகள் மட்டும் கிடைத்தாலும் அதற்கென்று ஒரு வகை உண்டு, ஆனால் உதிர்வின் எல்லாக் கட்டங்களிலும் பறவை சமமாக அகப்படுகிறது என்று அப்போது நம்பியாக வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இயங்கும் ‘மோல்ட்’ என்ற தொகுப்பு 2013 முதல் இலவசமாகக் கிடைப்பதால் கணக்கு யாருக்கும் தடையாக இராது. தரவு எப்படிச் சேர்ந்தது என்பதுதான் தடை.

இனி முதல் வழி. பறவையைக் கையிலெடுத்துப் பார்ப்பதற்கு நிகரான துல்லியம் வேறெதிலும் இல்லை. ஒவ்வொரு இறகும் தெரியும். உறையின் எச்சம் தெரியும். எடை, கொழுப்பு, சிறகின் நீளம் எல்லாம் அதே நிமிடத்தில் கிடைக்கும். காலில் அடையாள வளையமிட்ட பறவை அதே பருவத்தில் மீண்டும் அகப்பட்டால், ஒரு தனிப்பறவையின் உதிர்வு வேகத்தையே நேரடியாகக் கணக்கிடலாம். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகக் கரைப்பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறது. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் பறவை பிடிப்பவர்களின் கண்ணி வைக்கும் கைத்திறன் அந்தப் பணிக்குப் பெரிதும் உதவியது. தென்கிழக்கு இந்தியாவிலிருந்து வந்த தரவை வைத்து எஸ். பாலச்சந்திரன், எஸ். ஏ. ஹுசைன், அண்டர்ஹில் ஆகிய மூவரும் சாம்பல்நிற உப்புக்கொத்தியின் முதன்மை இறகுதிர்வைப் பற்றி 2000-இல் வெளியிட்ட கட்டுரை, மேலே சொன்ன புள்ளியியல் மாதிரி நம் கடற்கரைத் தரவின்மேல் இயங்கியதற்கு நல்ல சான்று. சைபீரியாவின் டன்ட்ரா எனப்படும் மரமற்ற குளிர்நிலத்தில் முட்டையிடும் கர்லூ சாண்ட்பைப்பர் போன்ற உள்ளான்கள் பல ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி இங்கே வந்து சிறகை மாற்றிக்கொள்வதால், ‘வலசைக்கும் உதிர்வுக்கும் இடையே பறவை எப்படிப் பேரம் பேசுகிறது’ என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடங்கள் குறைவு.

ஆனால் இந்த வழியின் விலையைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பறவையைப் பிடிக்க முடியாது. அந்த அனுமதிக்கான காத்திருப்பு இரண்டாண்டு ஆய்வின் முதல் பருவத்தையே விழுங்கிவிடலாம். அனுமதி கிடைத்தாலும் கை பழக வேண்டும். வளரும் இறகின் அடித்தண்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பழகாத விரல் அதை வளைத்தால் பறவைக்கு இரத்தம் கசியும், ஆய்வாளருக்குத் தரவு கெடும். ஏற்கெனவே சிறகில் ஓட்டை விழுந்து பறக்கத் தடுமாறும் பறவையை வலையில் தொங்கவிடுவது சரிதானா என்ற கேள்வியும் இருக்கிறது; அதற்கு ஒரே விடை, பயிற்சி பெற்ற வளையமிடும் குழுவோடு மட்டுமே இதைச் செய்வது என்பதுதான்.

என் மையக் கேள்வியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கடுமையாக உதிரும் பறவை பல இனங்களில் அதிகம் பறக்காமல் புதருக்குள் ஒடுங்கியிருக்கும். மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலையில் அது அகப்படும் வாய்ப்பு குறைவு. அதாவது, துல்லியத்தில் முதலிடம் பெறும் இந்த வழியிலேயே, உதிர்வின் உச்சக்கட்டத்தில் உள்ளவை கணக்கிலிருந்து நழுவுகின்றன. கரைப்பறவைகளில் இந்தச் சாய்வு, அதாவது ஒருபக்கமாகச் சரியும் பதிவு, குறைவு, ஏனென்றால் அவை கூட்டமாக ஒரே சேற்றில் மேய்ந்து, கூட்டமாக ஒரே இடத்தில் அடைகின்றன. தோட்டத்துச் சின்னானையோ தவிட்டுக்குருவியையோ எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு.

இரண்டாவது வழி அருங்காட்சியகம். பலரும் இதைப் பழைய காலத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இறகுதிர்வு பற்றிய அடிப்படை அறிவில் பெரும்பகுதி இழுப்பறைகளிலிருந்தே வந்தது. 1900-இல் ஜொனாதன் டுவைட் நியூயார்க் பகுதியின் பாடும் பறவைகளுடைய இறகுக்கோலங்களை வரிசைப்படுத்தியதும், 1966-இல் எர்வின் ஸ்ட்ரெஸ்மானும் வெஸ்டா ஸ்ட்ரெஸ்மானும் உலகப் பறவைகளின் உதிர்வு முறைகளைத் தொகுத்ததும் பெரும்பாலும் பாடம் செய்த தோல்களின் துணையோடுதான். மேற்கு வட அமெரிக்காவில் கூடு கட்டும் பல பறவைகள், வறண்ட கோடையில் தங்கள் வாழிடத்தை விட்டு, மழை பெய்யும் வடமேற்கு மெக்சிகோவுக்குப் போய் அங்கே இறகை மாற்றிய பிறகே மேலும் பயணிக்கின்றன என்பதை சீவர்ட் ரோவரும் உடனிருந்தவர்களும் நிறுவியதிலும் அருங்காட்சியகத் தோல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மழைக்கும் உதிர்வுக்கும் உள்ள இந்த உறவு, இரண்டு பருவமழைகளுக்கு நடுவே வாழும் நமக்குத் தனி ஆர்வத்தைத் தர வேண்டிய செய்தி.

தோல்களின் பெரிய பலம், ஒரே வாரத்தில் நூறு ஆண்டுகளைப் பார்த்துவிடலாம் என்பது. இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 7 இலட்சம் அளவில் பறவைத் தோல்கள் இருக்கின்றன. மும்பையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடமும், கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் அளவைத் துறையிடமும் இந்தியப் பறவைகளின் பெரிய சேகரங்கள் உள்ளன. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வெர்னே அளவாய்வு என்ற பெயரில் நடந்த சேகரிப்பின் பறவைகளைப் பற்றி ஹியூ விஸ்லரும் என். பி. கின்னியரும் 1930-களில் எழுதிய தொடரைப் புரட்டினால், உதிர்வு பற்றிய குறிப்புகள் இடையிடையே வந்துகொண்டே இருக்கும். ஆவணமாக எடுத்துக்கொண்டால் அந்தத் தோல்கள் விலைமதிப்பற்றவை: அன்றைய தேதியும் இடமும் சீட்டில் இருக்கின்றன, பறவை கண்முன்னே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி சரிபார்க்கலாம்.

குறைகளும் கண்கூடாகவே தெரியும். தோலின் சிறகு மூடிய நிலையில் காய்ந்திருக்கும். வலுக்கட்டாயமாக விரித்தால் ஒடியும். மூடிறகுகளை மெல்லிய கருவியால் தூக்கி, குருத்து இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். சிறிய பறவைகளில் உள்ளிறகுகளின் மதிப்பெண்ணில் தவறு நேரும். இதைவிடக் கெடுதலானது சேகரித்தவர்களின் ரசனை. அலங்கோலமாக, பாதி இறகு கொட்டிய பறவையைப் பாடம் செய்ய அவர்கள் விரும்பவில்லை. அழகான மாதிரியே அலமாரிக்குப் போனது. அதனால் அருங்காட்சியகத்தில் நடப்பது மேலே சொன்ன வலைக்கு ஒருவகையில் இணையான சாய்வுதான், காரணம் மட்டும் வேறு. இதற்கு ஓரளவு மாற்று உண்டு: கூட்டெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு தோலையும் பழைய சிறகு, உதிரும் சிறகு, புதிய சிறகு என்று மூன்றாக மட்டும் பிரிக்க வேண்டும். பழைய சிறகும் புதிய சிறகும் எந்த மாதத்தில் கைமாறுகின்றன என்பதை, நடுவில் உள்ள அலங்கோலப் பறவைகள் குறைவாக இருந்தாலும், தோல்கள் காட்டிவிடும். எந்த மாதத்தில் சேகரிப்பாளர் முகாமிட்டார் என்பதையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி மலையேறிய மாதங்களில் தோல்கள் குவிந்திருக்கும், மற்ற மாதங்கள் காலியாக இருக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் என் கருத்து கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. புகைப்படத்தில் இறகுதிர்வா என்று நானும் சிரித்தவன்தான். ஆனால் பறக்கும் கரும்பருந்தையோ செம்பருந்தையோ கீழிருந்து எடுத்த ஒரு தெளிவான படத்தில், சிறகின் ஓரத்தில் விழுந்திருக்கும் இடைவெளியும், அதன் உள்பக்கத்தில் கருமையாக மின்னும் புதிய இறகுகளும், வெளிப்பக்கத்தில் வெளிறித் தேய்ந்த பழைய இறகுகளும் எந்தக் கருவியும் இல்லாமல் தெரிகின்றன. 2002-இல் தொடங்கிய பறவைப் பதிவு இணையதளமான ஈபேர்டில் பறவை பார்ப்பவர்கள் ஏற்றும் படங்கள் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்தில் இடமும் தேதியும் சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. அவற்றை இனவாரியாகவும் மாதவாரியாகவும் தேடலாம். பறவைகளுக்கு வெளியேயும் இந்த வழி வேலை செய்கிறது. வட அமெரிக்க மலையாடுகள் குளிர்காலக் கம்பளியை எப்போது உதிர்க்கின்றன என்பதைப் பொதுமக்களின் படங்களிலிருந்து கணித்து 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது; கிடாக்கள் முந்திக்கொள்வதும், குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண் ஆடுகள் பிந்துவதும் அதில் தெரிந்தன. ஒரு விலங்கையும் தொடாமல் கிடைத்த முடிவு அது.

இதில் எனக்குப் பிடித்தது செலவின்மை மட்டுமன்று. முழுச் சிறகோடு பறக்கும் பருந்தையும் மக்கள் படமெடுக்கிறார்கள், அதிகமாகவே எடுக்கிறார்கள்; ஆகவே இறகுதிராத பறவைக்குப் பஞ்சமில்லை. மூன்று பிரிவுகளே போதும் என்று கேட்கும் அந்த முதல் வகைத் தரவுக்குப் புகைப்படம் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது. சாய்வு இங்கே வேறு திசையில் வருகிறது. அழகான படத்தை ஏற்றிவிட்டு ஓட்டைச் சிறகுப் படத்தை அழித்துவிடும் பழக்கம் படமெடுப்பவர்களிடம் உண்டு. வலசைப் பறவைகள் வரும் குளிர்மாதங்களில் படங்கள் குவியும். வெயில் மாதங்களில் மெலியும். ஒரே பருந்தை ஒரே நாளில் பத்துப் பேர் எடுத்திருக்கலாம். இவற்றுள் மாத ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கலாம்: படங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒவ்வொரு பதினைந்து நாளிலும் சிறகு தெளிவாகத் தெரியும் படங்களில் உதிர்வு தெரிபவை எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த ஒரே இனத்தின் படங்களில், வேறு வேறு பறவைகள் என்று சிறகைக் கொண்டே உறுதிசெய்ய முடியாதவற்றை ஒன்றாக எண்ண வேண்டும். படத்தைப் பார்த்துப் பிரிப்பவருக்குத் தேதி தெரியக்கூடாது. இது ஆகஸ்டு மாதம் என்று தெரிந்தவுடன் கண் இடைவெளியைத் தேடத் தொடங்கிவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்து, எத்தனை படங்களில் ஒத்துப்போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் எல்லையும் தெளிவானது. கிளையில் உட்கார்ந்திருக்கும் சின்னானின் படத்தில் முதன்மை இறகுகளின் நுனிகள் மட்டுமே தெரியும். வாலிறகு உதிர்வையும் தலையில் முளைக்கும் குருத்துகளையும் பார்க்கலாமே தவிர, சிறகைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பறவையை: பெரியதாக, பறக்கும்போது படமெடுக்கப்படுவதாக, ஊரெங்கும் உள்ளதாக அது இருக்க வேண்டும். மிகப் பெரிய பறவைகளில் வேறொரு சிக்கலும் உண்டு. இறகின் நீளம் உடல் பருமனோடு கூடும் வேகத்துக்கு இறகு வளரும் வேகம் ஈடுகொடுப்பதில்லை என்று ரோவரும் மற்றவர்களும் 2009-இல் காட்டினார்கள். அதனால் பெரிய கழுகுகளாலும் அல்பட்ராஸ்களாலும் ஓராண்டுக்குள் எல்லா முதன்மை இறகுகளையும் மாற்ற முடியாது. அத்தகைய சிறகில் மூன்று தலைமுறை இறகுகள் கலந்திருக்கும். தொடங்காதது, முடிந்தது என்ற பிரிவுகளே பொருளிழந்துவிடும். பருந்து அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான்காவது வழியான ஐசோடோப்பு ஆய்வு கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியானது. முழுதாக வளர்ந்த இறகு உடலோடு எந்தப் பொருளையும் பரிமாறிக்கொள்வதில்லை. அது வளர்ந்த நாட்களில் பறவை உண்டதும் குடித்ததும் அதிலேயே உறைந்துவிடுகின்றன. மழைநீரில் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் அளவு நிலப்பரப்பில் இடத்துக்கு இடம் ஒழுங்காக மாறுவதால், இறகின் டியூட்டீரியத்தைக் கொண்டு அது எந்த அட்சரேகையில் வளர்ந்தது என்று கணிக்கலாம் என்பதை 1997-இல் ஹாப்சன், வாசனார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வட அமெரிக்கப் பறவைகளில் காட்டினார்கள். அங்கே அந்த முறை வெற்றிபெற்றதற்குக் காரணம், கண்டம் முழுவதும் சரிவாக மாறும் மழை வரைபடமும், இறகு எங்கே முளைக்கிறது என்ற முன்னறிவும்தான். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோடியக்கரையில் பிடித்த ஓர் உள்ளானை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டுக் குஞ்சின் முதன்மை இறகு டன்ட்ராவில் முளைத்தது. அதில் சைபீரியா இருக்கிறது. அதே சேற்றில் பக்கத்தில் மேய்ந்த முதிர்ந்த பறவையின் புதிய இறகு இங்கேயே, உப்புநீர்ப் புழுவைத் தின்று முளைத்தது. அதில் சைபீரியாவைத் தேடினால் கோடியக்கரைதான் கிடைக்கும், அதுவும் கடல் உணவின் வேதியியல் கலந்து குழம்பியதாக. வழியில் ஓரிடத்தில் நான்கு இறகுகளை மாற்றிவிட்டு, நிறுத்தி வைத்து, மிச்சத்தை வந்தடைந்த இடத்தில் மாற்றும் கரைப்பறவைகளும் உண்டு. அவற்றின் ஒரே சிறகில் இரண்டு ஊர்கள் இருக்கும். எனவே ஐசோடோப்பு வழி உதிர்வு அறிவை உற்பத்தி செய்வதைவிட அதைக் கடனாக வாங்கிக்கொள்வதே அதிகம். உதிர்வுக் கால அட்டவணை தெரியாத இனத்தில் இதைத் தொடங்குவது, தேதியில்லாத கடிதங்களை வைத்து வரலாறு எழுதுவது போன்றது. பணம், ஆய்வக வசதி, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்கான தனி அனுமதி ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டாண்டுகளில் இவை எல்லாம் கைகூடுவது அரிது.

இதே இறகில் செலவில்லாத ஒரு சங்கதியும் இருக்கிறது. இறகைச் சாய்வான ஒளியில் பார்த்தால் கருமையும் வெளிறலுமாக மாறி மாறி வரும் பட்டைகள் தெரியும். ஒரு கருமையும் ஒரு வெளிறலும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு நாளின் வளர்ச்சி. 1989-இல் தாமஸ் கிரப் இதை ஊட்டநிலையை அளக்கும் முறையாக வகுத்தார். பட்டை குறுகியிருந்தால் அன்று பறவைக்கு இரை குறைவாக இருந்திருக்கலாம். இதற்கு ஓர் அளவுகோலும் நல்ல வெளிச்சமும் போதும். அருங்காட்சியகத் தோல்களிலும், உதிர்ந்து கிடக்கும் இறகுகளிலும் செய்யலாம். இறகை எடுத்து வைத்துக்கொள்வதற்கும் சட்டப்படியான அனுமதியை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது.

பறவையைத்தான் ஆராய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவருக்கு ஒரு வார்த்தை. பழைய உடற்போர்வை கழன்று புதியது வருவதை (பறவையில் இறகுதிர்வு, பூச்சியில் தோலுரிப்பு) இயக்கும் ஹார்மோன் என்ன, அதைத் தூண்டினாலோ தடுத்தாலோ என்ன ஆகும் என்று பரிசோதனையால் கேட்க விரும்பினால், பறவை சரியான விலங்கன்று. பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு உரிப்பும் ஏறத்தாழ ஒரு நாளில் முடிகிறது. ஒரே நாளில் பொரித்த நூற்றுக்கணக்கான புழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1954-இல் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்துதான். 500 கிலோ புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் இருப்பதால் நமக்கு இது எட்டாத விலங்கன்று. உதிர்வும் காலநிலையும் பொருந்தாமல் போவதைப் பற்றி ஆராய விரும்புபவர், அமெரிக்காவின் மொன்டானாவில் ஸ்காட் மில்ஸ் குழுவினர் பனிமுயல்களில் செய்த வேலையை மாதிரியாகக் கொள்ளலாம்: பகலின் நீளத்தைப் பார்த்து முயல் வெண்ரோமத்துக்கு மாறிவிடுகிறது, பனியோ பிந்துகிறது, பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல் கண்ணில் பட்டுச் சாகிறது. அந்த ஆய்வு நிலைத்து நிற்பதற்கு ஒரு காரணம், ரோமம் மாறிய முயல்களையும் மாறாதவற்றையும் வாரந்தோறும் ஒரே விதமாகக் கழுத்துப்பட்டை ரேடியோவால் பின்தொடர்ந்தது.

ஆனைமலையின் இருவாச்சியைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் காலத்திலேயே சிறகிறகையும் வாலிறகையும் உதிர்த்துவிடும் என்பது உண்மைதான், வியப்பானதும்கூட. ஆனால் பொந்துக்குள் இருக்கும் பறவையை நான்கு வழிகளில் எதனாலும் தொந்தரவு இல்லாமல் பார்க்க முடியாது. அதை விட்டுவிடுவதே பறவைக்கு நல்லது.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். கேள்வி கரைப்பறவைகளைப் பற்றியதாக இருந்து, ஏற்கெனவே அனுமதியோடு இயங்கும் ஒரு வளையமிடும் குழுவில் இடமும் கிடைத்தால், தயங்காமல் முதல் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தமாக அனுமதி வாங்கித் தொடங்குவதாக இருந்தால் வேண்டாம். கேள்வி நம் ஊர்ப் பறவைகளைப் பற்றியதாக இருந்தால், அதாவது தென்மேற்கு மழை குறைந்து வடகிழக்கு மழை கொட்டும் தமிழ்நாட்டுச் சமவெளியில் அவை எந்த மாதத்தில் சிறகை மாற்றுகின்றன என்பதாக இருந்தால், புகைப்படத்தை முதன்மையாகவும் அருங்காட்சியகத் தோல்களைத் துணையாகவும் கொள்வதே என் பரிந்துரை. மிதவெப்ப மண்டலத்தில் ஓர் இனத்தின் பறவைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிர்வதால் சில நூறு பறவைகளைப் பார்த்தாலே படம் தெளிந்துவிடும். வெப்ப மண்டலத்தில் தொடக்க நாள் பறவைக்குப் பறவை பரவலாகச் சிதறும், சில வேளை முட்டையிடும் பறவையே உதிரவும் செய்யும். இந்தச் சிதறலை அளப்பதற்குத் துல்லியமான சில சிறகுகளைவிட, தோராயமாகப் பிரித்த ஏராளமான சிறகுகளே பயன்படும். அந்த ஏராளத்தைத் தரக்கூடியது இன்று புகைப்படம்தான். தோல்கள் அதற்கு இரண்டு விதத்தில் ஈடுசெய்யும்: படத்தில் தெரியாத குருத்துகளை உறுதிசெய்யும், நூறு ஆண்டுக்கு முந்திய அட்டவணையைத் தரும். ஐசோடோப்பை இந்த இரண்டாண்டில் தொட வேண்டாம்.

தொடங்குவதற்கு அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கரும்பருந்தையோ செம்பருந்தையோ எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு கோப்புறைகளைத் திறந்து, சிறகு விரிந்து தெளிவாகத் தெரியும் ஒவ்வொரு படத்தையும் அதில் சேர்க்கலாம். கோப்புறையைத் திறந்ததும் ஓட்டைச் சிறகுகள் கண்ணை இழுக்கும். முழுச் சிறகுகளையும் விடாமல் அதே பட்டியலில் எழுத வேண்டும், ஒவ்வொன்றையும், தேதியோடு.